‘பிரேயிங் ஃபார் டைம்’ மீதான பழி: ஒரு மறுப்பு

ஜார்ஜ் மைக்கேலின் ‘பிரேயிங் ஃபார் டைம்’ 1990 ஆகஸ்டில் சிங்கிளாக வெளிவந்தது. அவருடைய இரண்டாவது தனி ஆல்பமான ‘லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ், வால்யூம் 1’ செப்டம்பர் 3 அன்று கடைகளுக்கு வந்தது. அதற்குக் கட்டியம் கூறிய முதல் பாடல் இது. சொல்லும் மெட்டும் அவருடையவை, ஒலிப்பதிவைத் தயாரித்தவரும் அவரே.

இந்தப் பாடலைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கதை வழங்கிவருகிறது. 1987இல் வந்த ‘ஃபெய்த்’ ஆல்பத்தால் உலகப் புகழின் உச்சிக்குப் போன பாடகர், அடுத்த அடியை ஆட்டமும் கொண்டாட்டமும் இல்லாத ஒரு புலம்பல் பாட்டோடு எடுத்துவைத்தார், வீடியோவில் முகம் காட்டவும் மறுத்தார், ரசிகர்கள் விலகினார்கள், ஆல்பம் படுத்துவிட்டது, பழியைச் சோனி நிறுவனத்தின் தலையில் போட்டு வழக்குத் தொடுத்து, அதிலும் தோற்றார். தன் கையாலேயே தன் தொழிலைக் கெடுத்துக்கொண்ட நட்சத்திரம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கதை எடுத்துக்காட்டாக வந்து நிற்கிறது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஆல்பம் முதல் ஆல்பத்தின் அளவுக்கு விற்கவில்லை. முகம் காட்ட மறுத்தது நடந்தது. வழக்கிலும் அவர் தோற்றார். ஆனால் இந்த மூன்றுக்கும் வேர் அந்த ஒரு பாடல்தான் என்பது பொய். பாடல், முகம் காட்டாத முடிவு, நிறுவனத்தோடு எழுந்த பூசல் ஆகிய மூன்றும் தனித்தனிச் செய்திகள். அவற்றை ஒன்றாகக் குழைத்ததால்தான் ஒரு நல்ல பாடல் முப்பது ஆண்டுகளாகப் பழி சுமக்கிறது.

முதலில், பாடல் எடுபடவில்லை என்ற கூற்று. இதை மறுக்கப் பழைய தரவரிசைப் பட்டியல்களே போதும். 1990 அக்டோபர் 13 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ‘பிரேயிங் ஃபார் டைம்’ முதலிடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் அது ஆறாம் இடம்வரை ஏறியது. அந்த ஆல்பத்திலிருந்து அதன்பின் வந்த எந்த சிங்கிளும் இந்த இரண்டு நாடுகளிலும் இதைத் தாண்டவில்லை. துள்ளலும் பளபளப்பும் மிகுந்த ‘ஃப்ரீடம்! ’90’ அமெரிக்காவில் எட்டாம் இடத்தில் நின்றது, பிரிட்டனில் 28ஆம் இடத்திலேயே தங்கிவிட்டது. ‘வெயிட்டிங் ஃபார் தட் டே’ பிரிட்டனில் 23, ‘ஹீல் தி பெயின்’ 31, ‘கௌபாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்’ 45. இருண்ட பாடலால் ரசிகர்கள் ஓடிப்போனார்கள் என்றால், அந்த இருண்ட பாடலை மட்டும் வாங்கிவிட்டு அதைவிட வெளிச்சமான பாடல்களை ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

‘ஃபெய்த்’தோடு ஒப்பிட்டாலும் இதே நிலைதான். அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிளான ‘ஐ வான்ட் யுவர் செக்ஸ்’ அமெரிக்காவில் இரண்டாம் இடத்தோடு நின்றது. பிரிட்டனில் ‘ஃபாதர் ஃபிகர்’ 11, ‘ஒன் மோர் ட்ரை’ 8, ‘மங்கி’ 13, ‘கிஸ்ஸிங் எ ஃபூல்’ 18. இந்த நான்கையும்விட ‘பிரேயிங் ஃபார் டைம்’ உயரமாகப் போயிருக்கிறது. வெற்றியின் இலக்கணமாகக் காட்டப்படும் ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடல்களைச் சொந்த நாட்டில் முந்திய ஒன்றைத் தோல்வி என்று அழைப்பதற்கு எந்த அளவுகோலும் இடம் தராது.

பழைய புகழின் வேகத்தில்தான் அது முதலிடத்துக்குப் போனது, அதுவும் ஒரே வாரம்தான் என்று இதற்கு மறுமொழி சொல்வதுண்டு. ஒரு வாரம் என்பது சரி. ஆனால் புகழின் வேகம் ஒரு பாடலைத் தொடக்க வாரங்களில் தூக்கிவிடும், அதற்குமேல் தூக்காது. இந்தப் பாடல் ஆகஸ்டில் வந்து அக்டோபர் நடுவில்தான் உச்சியைத் தொட்டது. இத்தனை வாரங்கள் வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன, கேட்டவர்கள் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார்கள். யார் பாடியது என்பதற்காக மட்டும் ஒரு பாட்டை இரண்டு மாதம் கேட்கமாட்டார்கள். அந்த ஆண்டின் சூழலையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் இது பட்டியலில் நுழைந்த நாட்களில் முதலிடத்தில் இருந்தது பாம்பலூரினாவின் ‘இட்ஸி பிட்ஸி’ என்ற விளையாட்டுப் பாட்டு. அமெரிக்காவில் இது இறங்கிய சில வாரங்களில் வெனில்லா ஐஸின் ‘ஐஸ் ஐஸ் பேபி’ முதலிடத்துக்கு வந்தது. கேளிக்கைப் பாடல்கள் கொடிகட்டிப் பறந்த பருவத்தில், வறுமையையும் தன்னலத்தையும் பற்றிய மெதுவான பாட்டு ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது பாடலின் வலிமையைத்தான் காட்டுகிறது.

அடுத்தது, முகம் காட்டாத வீடியோ பாடலைக் கொன்றது என்ற கூற்று. எம்டிவி கோலோச்சிய காலத்தில் வீடியோவில் பாடகரே இல்லாமலிருப்பது துணிச்சலான முடிவுதான். ‘பிரேயிங் ஃபார் டைம்’ வீடியோவில் நடிகர்கள் இல்லை, காட்சிகள் இல்லை. கரிய பின்னணியில் பாடலின் வரிகள் மட்டும் எழுத்துகளாக வந்து போகின்றன. முடிவில் ஆல்பத்தின் அட்டைப்படம் தோன்றுகிறது. அந்த அட்டையிலும் பாடகர் இல்லை. வீஜீ என்ற புகைப்படக்காரர் 1940இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் எடுத்த பெருங்கூட்டத்தின் படம்தான் அதில் இருக்கிறது.

ஆனால் இதை முன்னுதாரணமே இல்லாத கிறுக்குத்தனமாகக் காட்டுவது வரலாற்றை மறைப்பதாகும். பிரின்ஸ் 1987இல் ‘சைன் ஓ’ தி டைம்ஸ்’ பாடலுக்கு ஏறத்தாழ இப்படியே செய்தார். திரையில் எழுத்துகளும் வண்ணங்களும் மட்டும் ஓட, பாடகர் தலைகாட்டவில்லை. எயிட்ஸ், போதை, வறுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசிய அந்தப் பாடலும் ஒரு ஆல்பத்தின் முதல் சிங்கிள்தான். அமெரிக்காவில் மூன்றாம் இடம்வரை போனது. அதற்கும் ஓராண்டு முன்பு ஆர்.இ.எம். குழு ‘ஃபால் ஆன் மீ’ வீடியோவில் ஒரு கல்குவாரியின் படத்தின் மேல் பாடல் வரிகளை ஓடவிட்டது. சொல்லுக்கு முதலிடம் தர வேண்டிய பாட்டுக்கு இந்த வடிவம் பொருந்தும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. இன்று பாடல் வரிகளை மட்டும் காட்டும் வீடியோக்களை எல்லா இசை நிறுவனங்களும் வழக்கமாக வெளியிடுகின்றன, அவற்றைப் பார்த்து யாரும் வியப்பதில்லை.

முகம் இல்லாததால் பாடல் கெட்டது என்பதற்கு வலுவான மறுப்பு அடுத்த வீடியோவில் இருக்கிறது. டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய ‘ஃப்ரீடம்! ’90’ வீடியோவிலும் ஜார்ஜ் மைக்கேல் இல்லை. நவோமி கேம்ப்பெல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், டாட்யானா பாடிட்ஸ், சிண்டி கிராஃபோர்ட் ஆகிய ஐந்து புகழ்பெற்ற மாடல் அழகிகள் அவர் குரலுக்கு வாயசைத்தார்கள். ‘ஃபெய்த்’ வீடியோவில் அவரோடு ஒட்டிப்போன தோல் ஜாக்கெட்டும் ஜூக்பாக்ஸும் கிட்டாரும் அதில் தீப்பற்றியும் வெடித்தும் அழிந்தன. எம்டிவி அதை விடாமல் காட்டியது. இசை வீடியோ வரலாற்றின் சிறந்த படைப்புகளைப் பட்டியலிடும்போது அது இன்றும் இடம்பெறுகிறது. பாடகரின் முகம்தான் வணிகத்தின் உயிர் என்றால் இந்த வீடியோவும் தோற்றிருக்க வேண்டும். இன்னும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு இத்தனை விருந்து வைத்த ‘ஃப்ரீடம்! ’90’ தரவரிசையில் பெற்ற இடம், வெறும் எழுத்துகளோடு வந்த ‘பிரேயிங் ஃபார் டைம்’ பெற்ற இடத்தைவிடத் தாழ்ந்தது. ஆகவே வீடியோவின் தன்மைக்கும் விற்பனைக்கும் இடையில் இந்தக் கதை போடும் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

முகம் காட்டாத முடிவு தவறு என்பதற்குச் சான்றாக ஃபிராங்க் சினாட்ராவின் கடிதத்தையும் இழுத்துவருவதுண்டு. புகழின் சுமையைப் பற்றி ஜார்ஜ் மைக்கேல் சொன்னவற்றை 1990 செப்டம்பரில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ வெளியிட்டது. அதைப் படித்த சினாட்ரா, கிடைத்த வரத்துக்கு நன்றி சொல்லி மகிழ்ச்சியாகப் பாடும்படி அறிவுறுத்தி அந்தப் பத்திரிகைக்கே எழுதினார். மூத்த பாடகர் ஒருவரின் கண்டனம் என்பதால் அது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அவர் பதில் சொன்னது நேர்காணலுக்கு. பாடலைப் பற்றி அவர் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பாடல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியது என்பதையும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது கூற்று கொஞ்சம் நுட்பமானது. குதித்தாடிய பாப் நட்சத்திரம் ஒரே இரவில் சமூகச் சிந்தனையாளர் வேடம் போட்டார், கேட்பவர்கள் அதை நம்பவில்லை என்கிறது அது. இதை நம்புவதற்கு அவருடைய முந்தைய எட்டு ஆண்டுப் பாடல்களை மறந்துவிட வேண்டும். அவர் முன்பு இடம்பெற்றிருந்த வாம்! குழுவின் முதல் சிங்கிளான ‘வாம் ராப்!’ 1982இல் வந்தபோது அதன் பேசுபொருள் வேலையில்லாத் திண்டாட்டமும் அரசு தரும் உதவித்தொகையும்தான். 1984 செப்டம்பரில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த நிகழ்ச்சியில் வாம்! மேடையேறியது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான பாண்ட் எய்ட் பாடலில் அவர் பாடினார்; ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ பாட்டின் வருவாயையும் அந்த நிதிக்கே கொடுத்தார்.

‘ஃபெய்த்’ ஆல்பத்திலேயே ‘ஹேண்ட் டு மவுத்’ இருக்கிறது. அன்றாடம் காய்ச்சிகளாகிப்போன மனிதர்களையும், துப்பாக்கியும் கனவும் ஒன்றாக விற்கப்படும் நாட்டையும் பற்றிய பாட்டு அது. ‘ஃபெய்த்’ சிங்கிளை வாங்கியவர்களின் கையில் அதன் மறுபக்கமாக அந்தப் பாட்டுதான் இருந்தது. கேட்டுவிட்டு மறந்திருக்கலாம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. 1988 ஜூன் 11 அன்று வெம்ப்ளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக நடந்த பெரும் இசைவிழாவில், சொந்தப் பாடல் ஒன்றைக்கூடப் பாடாமல், ஸ்டீவி வொண்டர், கிளாடிஸ் நைட், மார்வின் கே ஆகிய கறுப்பின இசைக் கலைஞர்களின் பாடல்களை மட்டும் அவர் பாடினார். அங்கே பாடிய ‘இஃப் யூ வேர் மை வுமன்’ பதிவுதான் ‘பிரேயிங் ஃபார் டைம்’ சிங்கிளின் மறுபக்கத்தில் இடம்பெற்றது. ஆக, அந்தத் தட்டின் இரண்டு பக்கங்களும் ஒரே மனிதரின் நீண்ட ஈடுபாட்டிலிருந்து பிறந்தவை. ஒரே இரவில் போட்ட வேடம் என்பதற்கு இங்கே இடமில்லை.

வேடம் என்ற குற்றச்சாட்டுக்குப் பாடலே தரும் பதில் இன்னும் அழுத்தமானது. அதன் ஒலியைக் கவனமாகக் கேட்க வேண்டும். தாளம் மெதுவானது, ஆனால் மென்மையானதல்ல. ஒவ்வொரு முரசடியும் ஒரு பெரிய வெற்று மண்டபத்தில் விழுவதுபோல் எதிரொலிக்கிறது. அதன் மேல் அக்கூஸ்டிக் கிட்டார் ஒரே சீராக ஓடுகிறது. பின்னால் சிந்தசைசர் ஒரு மூடுபனியைப் போலப் படர்ந்திருக்கிறது. பாடகரின் குரலும் எதிரொலியில் முங்கி எழுந்து வருகிறது. ஜான் லெனனின் தொடக்கக் காலத் தனி ஆல்பங்களின் குரலொலியை விமர்சகர்கள் இதில் நினைவுகூர்ந்தார்கள், அது பொருத்தமான ஒப்பீடு. ‘ஒன் மோர் ட்ரை’ போன்ற பாடல்களில் குரலின் வளைவுகளையும் நெகிழ்வுகளையும் அள்ளி இறைத்தவர், இங்கே அலங்காரத்தை அடக்கிக்கொண்டு சொற்களைச் சொற்களாகவே பாடுகிறார். உணர்ச்சியை மிகைப்படுத்த எல்லாத் திறமையும் இருந்தும் அதைச் செய்யாமல் விட்டதுதான் இந்தப் பாடலின் பெருமை.

அமைப்பும் அப்படித்தான். வழக்கமான பாப் பாட்டில் பல்லவி வந்தவுடனேயே தலைப்பு காதில் விழும், பிறகு அதைத் திரும்பத் திரும்பப் பாடி மனத்தில் பதியவைப்பார்கள். இங்கே நீளமான சரணத்தைக் கேட்டு முடித்து, பல்லவியின் கடைசி அடிக்கு வந்த பிறகுதான் தலைப்பே கிடைக்கிறது. பல்லவியிலும் ஆறுதல் இல்லை. காலம் கடந்துவிட்டது என்ற அச்சத்திலிருந்து எழும் ஒரு வேண்டுதல் மட்டுமே அதில் உண்டு. விற்பனைக்காக மட்டும் சமூக அக்கறையை அணிந்துகொள்பவர் இப்படி ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். எளிதில் கூடச்சேர்ந்து பாடும்படியான அடியும், கைகோத்து ஆடும்படியான நம்பிக்கை முழக்கமும் சேர்த்திருப்பார். எண்பதுகளின் நிவாரண நிதிப் பாடல்கள் எல்லாம் அப்படித்தான் அமைந்தன.

அந்த நிதிதிரட்டும் பண்பாட்டையே இந்தப் பாடல் கேள்வி கேட்கிறது என்பதுதான் அதன் உள்ளடக்கத்தில் முக்கியமானது. 1985இல் லைவ் எய்ட், 1988இல் தொடங்கிய ரெட் நோஸ் டே என்று தொலைக்காட்சி வழியே கொடை கேட்பது பிரிட்டனில் ஒரு திருவிழாவாகிவிட்டிருந்தது. அதே ஆண்டுகளில் லண்டன் வாட்டர்லூ பகுதியில் வீடற்றவர்கள் அட்டைப் பெட்டிகளில் உறங்கினார்கள். 1990 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தலைவரி நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் திரண்ட கூட்டம் கலவரத்தில் முடிந்தது. பாடல் வெளிவந்த ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்திருந்தது. எப்போதாவது தானம் கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியான சமூகம், இருப்பதைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் இறுகிப்போவதைப் பாடல் சித்திரிக்கிறது. இந்தச் சூழலில் வாழ்ந்தவர்களுக்கு அது திடீரென்று முளைத்த பொருளாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை.

கோடீசுவரர் ஒருவர் வறுமையைப் பற்றிப் பாடுவது பாசாங்கு என்பது இந்தக் கூற்றின் கிளை. பாடல் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது என்று கவனித்தால் அது உதிர்ந்துவிடும். ‘அவர்கள்’ என்று மற்றவர்களை நோக்கி விரல் நீட்டாமல், ‘நாம்’ என்று பாடகரும் சேர்ந்து நிற்கும் கூட்டத்தையே அது குறிக்கிறது. இருப்பவர்களின் மனச்சான்றைப் பற்றி இருப்பவர் ஒருவரே பேசுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவருடைய கைகளும் சும்மா இருக்கவில்லை. 1996இன் ‘ஜீசஸ் டு எ சைல்ட்’ பாடலின் வருவாய் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்த பிறகு அமைப்பின் நிறுவனர் எஸ்தர் ரான்ட்ஸன் சொல்லித்தான் உலகுக்கு அது தெரிந்தது. 2006 டிசம்பரில் தன் தாயைப் பராமரித்ததற்கு நன்றியாக, அரசு மருத்துவச் சேவையின் செவிலியர்களுக்காக லண்டன் ரவுண்ட்ஹவுஸில் இலவச நிகழ்ச்சி நடத்தினார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத ஒருவர்மீது பாசாங்குப் பழி சுமத்துவது அநியாயம்.

நான்காவது கூற்றுதான் பலரும் கடைசியாகப் பிடித்துக்கொள்வது. பாடல் எப்படியிருந்தாலும் ஆல்பம் விழுந்தது, விழுந்ததற்கு இந்தத் தொடக்கமே காரணம் என்பார்கள். உலக அளவில் ‘ஃபெய்த்’ ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றதாகவும், ‘லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்’ ஏறத்தாழ எண்பது லட்சம் விற்றதாகவும் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இறக்கம் பெரியதுதான். ஆனால் அது எங்கே நிகழ்ந்தது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் இரண்டாவது ஆல்பம் முதலிடத்தைப் பிடித்து, ‘ஃபெய்த்’தைவிட அதிகமாகவே விற்றது, 1991இல் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்கான பிரிட் விருதையும் பெற்றது. அமெரிக்காவில் எம்.சி. ஹாமரின் ஆல்பம் உச்சியில் அசையாமல் இருந்த மாதங்களில் இது இரண்டாம் இடம்வரை வந்தது, ஆனால் விற்பனை இருபது லட்சத்தை ஒட்டியே நின்றது. ‘ஃபெய்த்’ அங்கே ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. ஆக, வீழ்ச்சி பெரும்பாலும் அமெரிக்க வீழ்ச்சி. ‘பிரேயிங் ஃபார் டைம்’ முதலிடத்தைத் தொட்ட நாடும் அதே அமெரிக்காதான். பாடல் எங்கே மிகச் சிறப்பாக ஓடியதோ அங்கேதான் ஆல்பம் தளர்ந்திருக்கிறது என்னும்போது, பாடலைக் காரணமாகச் சொல்ல வழியில்லை.

அமெரிக்கத் தளர்ச்சிக்குக் காரணங்களை வேறு இடத்தில் தேட வேண்டும். ‘ஃபெய்த்’ அங்கே அடைந்தது எந்தப் பாடகருக்கும் இரண்டாம் முறை வாய்ப்பது அரிதான வெற்றி. ஒரே ஆல்பத்திலிருந்து நான்கு முதலிடப் பாடல்கள், 1988இன் ஆண்டிறுதிப் பட்டியலில் சிங்கிள், ஆல்பம் இரண்டிலும் முதலிடம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. அதை நீண்ட உலகச் சுற்றுப்பயணமும் ஆறு சிங்கிள்களும் தாங்கின. இரண்டாவது ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட ஆதரவு இல்லை. 1991இன் ‘கவர் டு கவர்’ பயணத்தில் அவர் பெரும்பாலும் பிறர் பாடல்களையே பாடினார். புதிய ஆல்பத்தை மேடையேற்றும் பயணமாக அது அமையவில்லை. நேர்காணல்களையும் குறைத்துக்கொண்டார். இவை அவருடைய சொந்த முடிவுகள், அவற்றுக்கு விலை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறுபக்கம், அமெரிக்காவில் தன் ஆல்பத்தை நிறுவனம் முழு மனத்தோடு விற்கவில்லை என்பது அவருடைய புகார். இரு தரப்புக்கும் எவ்வளவு பங்கு என்பதை விவாதிக்கலாம். ஆனால் ஒலிநாடாவில் பதிவான நான்கே முக்கால் நிமிடப் பாடல் அந்தப் பங்கீட்டில் வரவில்லை.

இரண்டாம் தொகுதி வெளிவராமல் போனதும் முதல் தொகுதியின் தோல்விக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. ‘வால்யூம் 1’ என்று பெயரிட்டதே தொடர்ச்சியாக ஆட்டப் பாடல்கள் கொண்ட இன்னொரு ஆல்பம் வரும் என்பதால்தான். அதற்கென்று உருவானவற்றில் மூன்று பாடல்களை அவர் 1992இல் ‘ரெட் ஹாட் + டான்ஸ்’ என்ற எயிட்ஸ் நிவாரண ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றான ‘டூ ஃபங்கி’ பிரிட்டனில் நான்காம் இடமும் அமெரிக்காவில் பத்தாம் இடமும் பெற்றது. கேட்பார் இல்லாமல் கைவிட்ட பாடல்கள் இப்படிப் போவதில்லை. அந்த ஆண்டுகளில் அவருடைய காதலர் அன்செல்மோ ஃபெலெப்பா எச்.ஐ.வி. பாதிப்போடு போராடிக்கொண்டிருந்தார், 1993 மார்ச்சில் இறந்தார். நிறுவனத்தோடு வழக்கும் தொடங்கியிருந்தது. ஆல்பம் நின்றுபோனதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்காமல் ஒரு சிங்கிளோடு முடிச்சுப்போடுவது ஒரு மனிதரின் துயரத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோவதாகும்.

வழக்கைப் பற்றிய கூற்று கடைசி. பாடல் எடுபடாததற்கு நிறுவனத்தைக் குறைசொல்லி நீதிமன்றம் போனார், அது செல்லாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வழக்கின் மையக் கேள்வி அதுவல்ல. வாம்! குழு 1982இல் இன்னர்விஷன் என்ற சிறு நிறுவனத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் தகராறில் முடிந்தது. 1984இல் அது சமரசமாகி, குழு சிபிஎஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. 1988 தொடக்கத்தில் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸைச் சோனி வாங்கியது. அதே ஆண்டு ‘ஃபெய்த்’தின் வெற்றிக்குப் பிறகு ஒப்பந்தம் மேம்பட்ட தொகையோடு திருத்தி எழுதப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் வரை நீளக்கூடிய, எட்டு ஆல்பங்கள் வரை கேட்கக்கூடிய அந்த ஒப்பந்தம் ஒரு கலைஞரின் தொழில் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் வாதம். விசாரணை 1993 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. 1994 ஜூன் 21 அன்று நீதிபதி ஜோனதன் பார்க்கர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். முந்தைய ஒப்பந்தம் ஒரு வழக்கைத் தீர்க்கச் செய்துகொண்ட சமரசம் என்பதும், புதியது வழக்கறிஞர்களின் துணையோடு பேசி முடித்தது என்பதும், அதன் நிபந்தனைகள் நியாயமானவை என்பதும் தீர்ப்பின் அடிப்படைகள். ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிய இந்த முடிவில் ‘பிரேயிங் ஃபார் டைம்’ நல்ல பாட்டா, அதைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனமா என்பதற்கு எந்த வேலையும் இல்லை.

அமெரிக்காவில் அவர் தனியாகப் பாடிய வேறெந்தப் பாடலும் இதற்குப் பிறகு முதலிடத்தை எட்டவில்லை என்பது உண்மை. எல்டன் ஜானோடு பாடிய ‘டோன்ட் லெட் தி சன் கோ டவுன் ஆன் மீ’ 1992இல் எட்டியது, ஆனால் அது இருவர் பாட்டு. 1990க்கும் 1996க்கும் இடையில் புதிய ஆல்பமே இல்லாமல் போன ஆண்டுகள்தான் அமெரிக்க ரசிகர்களோடு அவருக்கிருந்த உறவை நலிவடையச் செய்தன. அந்த மௌனத்துக்குப் பின் 1996 ஜனவரியில் வந்த ‘ஜீசஸ் டு எ சைல்ட்’ மெதுவான, துயரம் தோய்ந்த, ஏழு நிமிடத்தை நெருங்கும் பாட்டு. அது பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் ஏழாம் இடத்தையும் பெற்றது. துயரப் பாடலோடு ஒரு ஆல்பத்தைத் தொடங்கினால் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை அவரே இரண்டாம் முறையும் பொய்யாக்கினார்.

‘பிரேயிங் ஃபார் டைம்’ பாடலையும் அவர் கைவிடவில்லை. 1996 அக்டோபரில் லண்டனில் பதிவான எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் அதைப் பாடினார். 2008 மே மாதம் ‘அமெரிக்கன் ஐடல்’ இறுதிச் சுற்று மேடையில், கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் பார்க்கும் நிகழ்ச்சியில், தன் வெற்றிப் பாடல்கள் அத்தனையிலிருந்தும் இதையே தேர்ந்தெடுத்துப் பாடினார். அதே ஆண்டு கேரி அண்டர்வுட் ‘ஐடல் கிவ்ஸ் பேக்’ நிதி நிகழ்ச்சிக்காக இதைப் பாடினார். 2014இல் வெளியான ‘சிம்ஃபொனிக்கா’ ஆல்பத்தில் இசைக்குழுவோடு பாடிய வடிவம் இருக்கிறது. 2016 டிசம்பர் 25 அன்று அவர் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் ‘லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்’ அன்பிளக்டு பதிவோடு சேர்த்து மறுபடி வெளியிடப்பட்டபோது, பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது.